பங்குனி உத்திரத்தன்று எடுத்த முயல் கணக்கு

தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தேன். பாட்டிலில் ஊறிய பாம்பும் மெழுகுத் தட்டில் குத்திய கரப்பானும்தான் எனக்குப் பழக்கம். உயிரோடு நடமாடும் பிராணிகளில் மாணவர்களை மட்டும் அறிவேன்; அவர்களும் என்னைக் கண்டால் புதரில் மறைகிறவர்கள்.

இந்தத் தகுதியை நம்பி ஓர் அரசு அலுவலகம் எனக்கு ஒரு கணக்கெடுப்பு வேலை கொடுத்தது. ஆற்றுக்குத் தெற்கே மேட்டு நிலத்தில் ஒரு சரள் குவாரி. பக்கத்து உடைமர முள்காட்டையும் தோண்ட முதலாளி அனுமதி கேட்டிருந்தார். காட்டை அடுத்துத் தோட்டம் வைத்திருந்த ஓர் அம்மாள் மறுத்து மனுப் போட்டிருந்தார். காடும் போனால் அவர் தோட்டத்துக்கு மூன்று பக்கமும் பள்ளம். தோட்டத்தைப் பற்றி எழுதிய மனுக்களுக்குப் பதில் வராததால், காட்டில் முயலும் கௌதாரியும் இருப்பதாக எழுதினார். அதற்குப் பதிலாக, உண்டா இல்லையா என்று பார்த்து எழுத, நான் வந்தேன்.

குவாரி முதலாளிக்கு ஆற்றுக்கு அக்கரையில் பேட்டை என்ற ஊரில் பட்டறை. நாள் குறித்துக் கொடுத்தவர் அவர்தான்.

“பங்குனி உத்திரத்தன்னைக்குப் போங்க சார்வாள். காலேஜும் லீவு, குவாரியும் லீவு. பைய உக்காந்து எழுதலாம்லா.”

நான் மூன்று தலைமுறையாகச் சர்ச் மணி கேட்ட குடும்பத்துக் கிறிஸ்தவன். பங்குனி உத்திரம் எனக்குக் காலண்டரில் ஒரு சிவப்பு எழுத்து. அன்று பாதி ஜில்லா குடும்பத்தோடு தங்கள் குலதெய்வமான சாஸ்தாவைத் தேடிக் காடு மேடெல்லாம் போகும் என்பது தெரிந்துதான் இருந்தது. அந்த உடைமரக் காட்டிலும் ஒரு சாஸ்தா இருப்பார் என்று தோன்றவில்லை.

போய்ப் பார்த்தால் வேன்கள், பொங்கல் புகை, மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி. தொலைநோக்கியோடு மாலைவரை உட்கார்ந்து காகங்களையும் பலிக்கு நின்ற ஒரு கிடாவையும் கண்டேன்.

தோட்டக்கார அம்மாள் வேலியருகே வந்து நின்றார். “இன்னைக்கு வந்து என்னத்தைப் பாக்கீய? முயலு பொங்கச்சோத்துக்கு வரிசையில நிக்கும்னு நினைச்சியளோ?”

“கண்டதைத்தான் எழுதுவேன்.”

“காணாததை?”

எனக்குப் பாடம் எடுக்கிறாரே என்று கோபம். ‘குறிப்பிடத்தக்க உயிரினம் எதுவும் காணப்படவில்லை. விரிவாக்கத்தால் பாதிப்பு இராது’ என்று எழுதிக் கொடுத்தேன். முதல் வாக்கியம் உண்மை. இரண்டாவதை எழுதியது என் கோபம்.

சில வாரங்களில் அதன் நகலோடு அம்மாள் கல்லூரி ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டார். சக ஆசிரியர்கள் ஆவலாக நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்கள். “நாளைக்கு விடியுமுன்ன வாங்க. வரலேன்னா, பயந்துட்டாருன்னு இவியகிட்ட வந்து சொல்லுதேன்.”

அவர் மனு பொய் என்று நிரூபிக்கத்தான் முதல் பஸ்ஸில் போனேன். கௌதாரிகள் பங்காளிச் சண்டைபோல நான்கு பக்கமும் கத்தின. குவாரியின் வெட்டுச் சுவரில் பஞ்சுருட்டான் குருவிகள் வளைக்குள் போவதும் வருவதுமாக இருந்தன. ஒரு முயல் என்னை நின்று பார்த்தது. மாணவர்கள் காட்டாத மரியாதை.

“லீவு முடிஞ்சு வந்துட்டுக போல,” என்றார் அம்மாள்.

கண்டதையெல்லாம் குறித்து அலுவலகத்துக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். அதிகாரி என்னையும் முதலாளியையும் அம்மாளையும் அழைத்து, இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தார். “ரெண்டும் உங்க கையெழுத்து. இந்தப் புதுசு நிக்கணும்னா அந்தப் பழசு தப்புன்னு எழுதிக் கொடுங்க.”

“எழுதும் வே,” என்றார் முதலாளி. ‘சார்வாள்’ போய் ‘வே’ வந்திருந்தது. “விலங்கியல் வாத்தியாருக்கு முயலு தெரியாதுன்னு எழுதும். அதைப் பேட்டை முச்சூடும் சுவத்துல ஒட்டுதேன்.”

‘திருவிழாக் கூட்டத்தில் கணக்கெடுத்தேன். காணாததை வைத்துப் பாதிப்பு இராது என்று எழுதியது என் பிழை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அம்மாள் தாளை வாங்கி, எழுத்துக்கூட்டி, விரல் வைத்து முழுக்கப் படித்தார். திருப்பி என் முன்னால் போட்டார்.

“பாதிப்பு இருக்கும்னு எழுதலையே.”

அதிகாரி பேனாவை என் பக்கம் நகர்த்தினார். முதலாளி எழுந்து வெளியே போனார். நான் அந்த வரியையும் எழுதினேன்.