சரிபாதியில் ஒரு பள்ளிக்கூடம்

எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. வகுப்பில் அது கொஞ்சம் உதவியிருக்கிறது, வெளியே ஒருமுறைகூட உதவியதில்லை. எங்கள் பக்கத்துக்கு வரவேண்டிய உயர்நிலைப்பள்ளி வராமல் போனதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நான் என்னைத்தான் சொல்வேன்.

நன்னிலம் பக்கத்தில் ஒரு நடுநிலைப்பள்ளியில் அப்போது தலைமையாசிரியையாக இருந்தேன். மேற்கே ஓர் ஊர், கிழக்கே ஓர் ஊர், நடுவில் வயல். பள்ளி மேற்கூரில் இருந்தாலும் இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் அங்கேதான் எட்டாவது வரை படித்தார்கள். அதற்குமேல் படிக்க டவுனுக்குப் பஸ் ஏற வேண்டும். சாயங்கால பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து வயல் நடுவே இருட்டில் நடை. பையன்கள் நடந்தார்கள். பெண் பிள்ளைகளில் பாதிப் பேர் எட்டாவதோடு நின்றுபோனார்கள்.

அந்த நிலையில்தான் பள்ளியைத் தரம் உயர்த்தலாம் என்று கடிதம் வந்தது. இருக்கிற வளாகம் போதாது, ஊர்க்காரர்கள் வேறு இடம் காட்ட வேண்டும். இடம் கைக்கு வந்தால் அடுத்த வருஷமே ஒன்பதாம் வகுப்பு.

ஏழாவது முடித்திருந்த ஒரு பெண் இருந்தாள். கணக்கில் புலி. நான் போர்டில் அவசரமாகப் போட்டுக்கொண்டு போனால், பின்னாலிருந்து, "தப்பா இருக்கே டீச்சர்" என்பாள். திரும்பிப் பார்த்தால் தப்பாகத்தான் இருக்கும். அப்பா இல்லாத பெண். அம்மா நடவு வேலைக்குப் போகிறவள். பள்ளிக்கூடம் இங்கேயே வந்தால் படிக்க வைப்பேன், அந்த ரோட்டில் பெண்ணைத் தனியாக நடக்க விடமாட்டேன் என்று அந்த அம்மா தீர்த்துச் சொல்லிவிட்டாள். அவளை எப்படிக் குறை சொல்வது? "உன் பொண்ணு எட்டு முடிக்கிறப்ப இங்க ஒன்பதாவது இருக்கும்மா. நான் பொறுப்பு" என்றேன். பெரிய பொறுப்பு!

இடத்துக்கா பஞ்சம்? மேற்கூரில் களத்தை ஒட்டி நல்ல மேடு சும்மா கிடந்தது. கிழக்கூரில் சர்ச்சுக்குப் பின்னால் இருந்த தென்னந்தோப்பை எழுதிக் கொடுக்கிறோம் என்று சிங்கப்பூரில் இருந்த ஒரு குடும்பம் போன் செய்தது. ஆனால் இரண்டு ஊருக்கும் ஒரு மடைத் தகராறில் ஆரம்பித்த பகை; நடுநிலைப்பள்ளி அதற்கு முன்பே வந்துவிட்டது. அங்கே கட்டினால் எங்கள் பிள்ளை வராது என்று இவர்கள், இங்கே கட்டினால் எங்கள் பிள்ளை வராது என்று அவர்கள். இரண்டு கூட்டம் போட்டும் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது கூட்டத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்கேலால் மேஜையில் ஓங்கி ஒரு அடி அடித்தேன்.

"டேப்பைப் பிடிச்சு அளங்க. சரிபாதி எங்க வருதோ அங்கதான் பள்ளிக்கூடம். ஆச்சா?"

சத்தம் அடங்கியது. இரண்டு பக்கமும் தலையாட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வருஷக்கணக்கான பகையை ஒரு ஸ்கேலில் தீர்த்துவிட்ட மிதப்பு.

ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த அந்த அம்மா என்னைக் கூப்பிட்டு, மெல்லச் சொன்னாள்: "டீச்சர், அங்க அடைமழைக்கு இடுப்பளவு தண்ணி நிக்குங்க."

"நீ சும்மா இரும்மா. இப்பதான் ஒத்துக்கிட்டாங்க, கெடுத்துடாதே" என்றேன். அவள் போய்விட்டாள்.

அளந்தார்கள். பாதி, ஒரு புறம்போக்குத் தரிசில் விழுந்தது. வரப்பைக்கூடச் செதுக்கி நெல் போடுகிற ஊர்கள் அந்த ஒரு துண்டை மட்டும் ஏன் தரிசாக விட்டுவைத்தன என்று நான் யோசிக்கவில்லை. எங்கள் பக்கம் ஊர் என்பதே மேட்டில்தான் இருக்கும். இரண்டு மேட்டுக்கு நடுவில் பள்ளம்தான் இருக்கும். இதுகூடத் தெரியாமல் பிள்ளைகளுக்குப் புவியியல் நடத்தியிருக்கிறேன். சித்திரையில் அதிகாரிகள் வந்தபோது தரை வெடித்துக் கிடந்தது. நல்ல இடம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

ஐப்பசியில் மண் பரிசோதனைக்கு ஆட்கள் வந்தார்கள். வண்டியிலிருந்து கருவியை இறக்கவே இல்லை. பள்ளிக்கூடம் வரவேண்டிய இடத்தில் கொக்குகள் நின்றுகொண்டிருந்தன. இன்ஜினியர் குடையைப் பிடித்தபடி, இந்த இடத்தைச் சொன்னது யார் என்று கேட்டார். இரண்டு ஊர்க்காரர்களும் முதல்முறையாக ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தார்கள், என்னை. அவர்கள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அப்போதுதான் புரிந்தது, கூட்டத்தில் தலையாட்டிய அத்தனை பேருக்கும் அந்தத் தண்ணீர் தெரியும். அடுத்த ஊரில் பள்ளிக்கூடம் நிற்பதைவிடத் தண்ணீர் நிற்பது மேல் என்று இருந்துவிட்டார்கள். அவர்களைத் திட்ட வாய் வந்தது. எனக்கும்தான் ஒருத்தி சொன்னாளே என்று நினைத்ததும் அடங்கிப்போனேன்.

மறுபடி கூட்டம் போட்டேன். மறுபடி களம், மறுபடி தோப்பு. களத்துக்காரர்கள் காலில் விழாத குறை, தோப்புக்காரர்களிடமும் அப்படியே. ஒருவரும் இறங்கி வரவில்லை. தை மாதம், இடம் தயாராக இருந்த வேறொரு ஊருக்கு அந்த அனுமதி போய்விட்டது. அந்த வருஷம் எட்டாவது முடித்த பெண்களில் மூன்று பேர்தான் டவுனுக்குப் போனார்கள். அந்தப் பெண் போகவில்லை. வீடு தேடிப் போய்க் கேட்டேன். அவள் அம்மா என்னைக் குத்திக்காட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை, டீ போட்டுக் கொடுத்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து அந்தப் பெண்ணே ஒருநாள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். இத்தனை நாள் வாங்காமல் கிடந்த டிசி வேண்டுமாம். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறாள், வயதுக்கு அத்தாட்சி கேட்கிறார்களாம். எடுத்து எழுதினேன். பள்ளியை விட்டு நீங்கக் காரணம் என்ற கட்டத்தில் எட்டாவது முடித்த எல்லாருக்கும் ஒரே வரிதான் போடுவோம். கை பழக்கத்தில் அதையே எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தேன்.

அவள் வாங்கி, நின்றபடியே வரிவரியாகப் படித்தாள். காரணம், மேற்படிப்புக்காக.

"தப்பா இருக்கே டீச்சர்" என்றாள்.