கார்த்திகை நட்சத்திரங்கள் இருந்த பிலிம்

எழுதலாமா வேண்டாமா என்றே பல வருஷம் போய்விட்டது. முருகன் மேல் பாரத்தைப் போட்டு இன்று எழுதுகிறேன்.

எண்பத்தேழாம் வருஷம், செப்டம்பர். கல்வராயன் மலையிலிருந்து வீடு திரும்புகிறேன். இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடக்கிறது. தியாகதுருகத்துக்கு முன்னால் சாலையில் புளியமரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். பஸ் நின்றுவிட்டதால் நடக்கிறேன். கழுத்தில் தொங்கும் கேமராவுக்குள் கார்த்திகை நட்சத்திரங்கள் இருக்கின்றன. கேமராவை வானத்தோடு சேர்த்து நகர்த்த நானே செய்த பலகையில் திருகு வழுக்கிப் பல ராத்திரிகள் வீணாயின. நேற்றுதான் வானம் நகரும் வேகத்துக்குக் கையால் திருகித் திருகி எடுத்தேன். லென்ஸில் ஆறுக்கும் மேலே எத்தனையோ தெரிந்தன; கண்ணீரே வந்துவிட்டது. கிருத்திகை விரதம் விடாத என் மனைவி படுத்த படுக்கையாய்க் கிடக்கிறாள். கண்மூடுமுன் அவளுக்குக் காட்ட வேண்டும்.

மரத்தருகே ஓர் இளைஞர் மறிக்கிறார்.

"இன்னா பெரியவரே, போலீசுக்கு எங்கள போட்டோ புடிச்சிக்கினு போறியா?"

"இல்லப்பா, நட்சத்திரம்."

"மத்தியான வெயில்ல நட்சத்திரமா! எங்க, காட்டு. வுட்டுடறோம்."

"கழுவாத பிலிம்பா, வெளிச்சம் பட்டா..." என்பதற்குள் கேமராவைத் திறந்து, பிலிமை உருவி, வெயிலில் தூக்கிப் பார்க்கிறார்.

"ஒண்ணுமே இல்லியே! இதுக்கா இப்படி நடுங்குற? வா, பாத்து வா" என்று கைபிடித்து மரத்தைத் தாண்டவிடுகிறார். எதை அழித்தோம் என்பது அவருக்குத் தெரியாது. பிலிமை வாங்கிச் சுருட்டிக்கொண்டு நடக்கிறேன்.

மனைவி பார்க்காமலே போய்ச் சேர்ந்தாள். இதை யாரிடம் சொன்னாலும், அந்த இளைஞர் என் கையைப் பிடித்ததையும் விடாமல், நடந்தது நடந்தபடியே சொல்லுங்கள்.