முதல் ஓட்டத்துக்கு முன்

மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில் ஒரு கேளிக்கைப் பூங்கா. நாட்டிலேயே உயரமான ரோலர் கோஸ்டர் என்று வாசல் பலகை பீற்றிக்கொள்கிறது. காலையிலேயே வந்து வரிசையில் முதல் ஆளாக நிற்கிறேன். வண்டி இன்னும் கிளம்பவில்லை.

செருப்பும் பையும் வாங்கி வைக்கும் கவுண்டரில் செல்வி இருக்கிறார். கவுண்டர் மேல், வெயிலில், மூடிய எவர்சில்வர் டிபன் டப்பா. அண்ணாந்து பார்த்தபடியே என் செருப்பை வாங்குகிறார். உச்சியில் தண்டவாளத்தை ஒட்டிய படிகளில் ஒரு மஞ்சள் ஹெல்மெட் நகர்கிறது.

"எங்க வூட்டுக்காரரு சார். டெய்லி காலீல ஒவ்வொரு போல்ட்டா பாத்துகினு வருவாரு. அப்பறம்தான் வண்டி உடுவாங்க."

"பயமா இல்லையா?"

"எனக்கு இன்னா பயம்? பெல்ட்டு போட்டுகினுதான கீறாரு."

"நீங்க சாப்பிடலையா?"

"அவரு எறங்கட்டும்."

கால் மணி நேரம் கழித்து அவர் இறங்கி வருகிறார். சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது.

"மேலேருந்து கடல் பூரா தெரியுமே?" என்று அவரிடம் கேட்கிறேன்.

"கடல யாரு சார் பாக்கறா? இந்த டப்பா மூடிதான் பளபளன்னு தெரியும். இன்னும் துன்னாம குந்திகினு கீறாளேன்னு எறங்கி வந்துருவேன்."

செல்விக்குச் சட்டென்று முகம் சிவக்கிறது.

"அதுக்காக அவசரத்துல ஒரு போல்ட்ட உட்டுடாத. பாவம், இவரு ஏறப் போறாரு" என்று என்னைக் காட்டி அதட்டுகிறார். அதட்டிக்கொண்டே டப்பாவைத் திறந்து, அந்த மூடியிலேயே அவருக்கு நான்கு இட்லி எடுத்து வைக்கிறார். டப்பாவில் இரண்டு மிஞ்சுகின்றன.