மச்சானுக்கு ஒரு குரல்

பார்வை முழுதாகப் போன பிறகு, போனைப் பேச வைக்கக் கற்றுக்கொண்டேன். விரல் படும் இடத்தில் எழுதியிருப்பதை அது வாசித்துச் சொல்லும். எந்தக் குரலில் என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம். மீமிசலில் கடல்காற்று வீட்டுக்குள் சுற்றும் மத்தியானங்களில், சாப்பிட்ட கிறக்கத்தோடு பாயில் படுத்து ஒவ்வொரு குரலாகக் கேட்பேன். தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. யார் யாரோ வந்து காதருகே பேசிவிட்டுப் போனார்கள்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். வளைகுடாவில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், மச்சான், எழுதி அனுப்புவதை அவரே சொல்வதாகக் கேட்க வேண்டும். அவர் பேசி அனுப்ப மாட்டார். அறையில் ஆறு பேர், அவர்கள் முன்னால் பெண்டாட்டியைக் கொஞ்சக் கூச்சம். வாரம் ஒருநாள் கூப்பிட்டாலும் "சாப்பிட்டியா, உம்மா நல்லாயிருக்கா" என்பதோடு சரி. கொஞ்சல் எல்லாம் எழுத்தில்தான்.

முதலில் பெண்குரலை வைத்தேன். "ஒன் நெனப்பாவே இருக்கு தங்கம்" என்று அவள் வாசித்தபோது பற்றிக்கொண்டு வந்தது. என் புருஷன் சொல்ல வேண்டியதை ஒரு சக்களத்தி வந்து சொல்வதா! ஆண்குரலுக்கு மாற்றினேன். அது அடுப்படியில் "தங்கம்" என்றதும் மாமியார் வளையல் குலுங்க முக்காட்டை இழுத்துவிட்டு, "யாரும்மா அது? ஆம்பளய உள்ள விட்டிருக்க?" என்றார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அன்றிலிருந்து காதில் இயர்போன்.

அந்த ஆளும் செய்தி வாசிப்பவர் மாதிரிதான் பேசினார். வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். அயலார் அயலாராகவே இருந்தார். பிறகு ஒருநாள் அரைத்தூக்கத்தில் கேட்டது: "வெள்ளிக்கெளம பேசுறேன். ஊருல மள பேஞ்சுதா?"

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மச்சானுக்குப் பேச்சிலும் எழுத்திலும் ழகரம் வராது. கண் தெரிந்த நாளில் அதைக் கேலி செய்தவள் நான். அந்தத் தப்பை மெசின் அப்படியே படித்ததில், அவரே பாயோரம் உட்கார்ந்து கேட்டது போலிருந்தது. அதன் பிறகு நான் வேறு குரல் தேடவில்லை.

போன மாதம் "வெள்ளிக்கிழமை பேசுகிறேன். மழை பெய்ததா?" என்று வந்தது. வேறு யாரோ எழுதுகிறார்கள், இவருக்கு என்ன ஆயிற்று? கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வேலை முடிந்து அவர் பேசும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

"ஒண்ணுமில்ல," என்று இழுத்தார். "நான் எழுதுறதப் பாத்து முன்னாடி சிரிப்பேல்ல? இப்ப மெசின் வேற சத்தமாப் படிக்குது. அதான், ரூம்ல ஒருத்தர்ட்ட குடுத்துத் திருத்தி அனுப்புனேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"திருத்தாதீங்க மச்சான்," என்றேன். "அதையும் திருத்திப்புட்டா இந்த வீட்டுல ஒங்க சத்தமே இல்லாமப் போயிரும்."