பெட்டிமேல் வைத்த கை

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சமூக வானொலி ஊமையாகிப் போனது. பழி என் தலையில் விழுந்தது. அதை நான் இன்றுவரை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

நான் கருகிப்போன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். ஞாயிறு மதியம் அங்கே போய் மோட்டார், மிக்சி ரிப்பேர் பற்றிப் பேசுவேன். சம்பளம் கிடையாது, அங்கே யாருக்குமே கிடையாது. எனக்கு முந்தின நிகழ்ச்சி டெய்லரக்காவுடையது. பாதி ஆயுசைத் துணி ஃபேக்டரியில் ஓட்டிவிட்டு, பிறகு வீட்டு முன்னறையில் கடை போட்டவர். கிழிசல் தைப்பது, பெரிய சட்டையைச் சின்னதாக்குவது என்று பேசுவார். நன்றாகவே பேசுவார், அதை ஒத்துக்கொள்கிறேன்.

கை மாற ஒரு முறை உண்டு. போகிறவர் கடைசிப் பாட்டைப் போட்டு மைக்கை அணைத்தால், கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு அணையும். வருகிறவர் உள்ளே போய், பாட்டு முடிகிற இடத்தில் பேச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். விளக்கு எரியும்போது கடவுளே வந்தாலும் கதவைத் தொடக் கூடாது.

அன்றைக்கு விளக்கு அணையவில்லை. வராந்தாவில் மாட்டியிருக்கும் ஸ்பீக்கர் பெட்டியில் பாட்டு முடிந்தது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தால், அக்கா தலையை ஆட்டிக்கொண்டு ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கிறார்! கண்ணாடியைத் தட்டினேன். திரும்பவில்லை.

அடுத்து நடந்த கூட்டத்தில் வானொலிப் பொறுப்பாளர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"வெளிய நின்னீங்கன்னா உள்ள போக வேண்டியதுதானே?"

"லைட்டு எரிஞ்சுது சார்!"

"அக்கா, லைட்டு எரிஞ்சுதா?"

அக்கா தரையைப் பார்த்தார். "ஞாபகம் இல்லை."

ஞாபகம் இல்லையாம்! என் இடத்தைப் பிடிக்கத்தான் இந்த வேலை என்று முடிவு கட்டினேன். கூடுதல் நேரம் வேண்டும் என்று அவர் முன்பே கேட்டிருந்தார்.

அதிலிருந்து அவர்மேல் ஒரு கண் வைத்தேன். புதிதாக ஒரு பழக்கம் தெரிந்தது. கடைசிப் பாட்டு ஓடும்போது மேஜைமேல் இருக்கும் ஸ்பீக்கர் பெட்டியில் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். ஒயரை நோண்டுகிறாரோ? அவர் போனதும் பின்பக்கம் திருப்பிப் பார்ப்பேன். எல்லாம் சரியாகவே இருக்கும். அதுவே எனக்கு இன்னும் சந்தேகம். "அக்கா, எந்திரிங்க" என்று பின்னால் நின்று சொன்னால் அசைய மாட்டார். பெரிய மகாராணி, நாம் சொன்னால் எழுந்திருப்பாளா என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், பாட்டு பாதியில் ஓடும்போதே, ஒயரைப் பார்க்கப் பெட்டியை என் பக்கம் இழுத்தேன். அவர் கை நழுவியது. அவ்வளவுதான், திடுக்கிட்டு மைக்கைப் போட்டு, "கேட்டதுக்கு நன்றி, அடுத்து நம்ம மோட்டார்காரத் தம்பி" என்று ஆரம்பித்துவிட்டார். பாட்டு ஒரு பக்கம் கத்துகிறது, இவர் ஒரு பக்கம். என் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறிவிட்டது.

பாட்டு முடிந்தது என்று நினைத்திருக்கிறார். காது கேட்காது. கையால்தான் இத்தனை நாள் பாட்டுக் கேட்டிருக்கிறார்.

என் நிகழ்ச்சி முடியும்வரை வெளியே காத்திருந்தார்.

"ஃபேக்டரியில மெஷின் சத்தம் காதைத் தின்னுட்டுது தம்பி. இப்ப உதட்டைப் பாத்துத்தான் ஆளோட பேச்சு."

"அன்னைக்கு லைட்டு எரிஞ்சது தெரியுமா, தெரியாதா?"

"வெளிய வர்றப்போ பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன். அப்புறந்தான் கைய வைக்க ஆரம்பிச்சேன்."

"தெரிஞ்சேதான் என்னை மாட்டிவிட்டீங்க!"

"ஆமா. வாயத் திறந்திருந்தா நிகழ்ச்சியில இருந்து என்னை எடுத்திருப்பாங்க. கடையில யாராவது கேள்வி கேட்டா நான் முழிக்கணும். ரேடியோவுல யாரும் திருப்பிப் பேச மாட்டாங்க. அங்க மட்டுந்தான் நான் முழு ஆளு."

"கூட்டத்துல உண்மையைச் சொல்லுங்க."

"சொல்றேன். ரேடியோவ விட்டுப் போற அன்னைக்கு."

ஏமாற்றுகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் பொறுப்பாளரிடம் போய்ச் சொல்லவில்லை. பாட்டு முடியப்போகும்போது தோளில் ஒரு தட்டுத் தட்டுவேன், எழுந்துகொள்வார். கை மாறுவது வெண்ணெய் மாதிரி நடந்தது. "என்ன, ரெண்டு பேரும் ராசியாயிட்டீங்களா?" என்று பொறுப்பாளர் கேட்டார். "அதெல்லாம் இல்லை" என்றேன். இல்லைதான். தட்டும் ஒவ்வொரு தடவையும், இந்தம்மா என்னைக் கருவியாக்கிவிட்டாளே என்று பொருமிக்கொண்டுதான் தட்டினேன்.

அப்புறம் நேயர் ஒருவர் போன் செய்து, அந்தம்மா ஏன் இப்படிக் கத்துகிறார் என்று கேட்டார். தன் குரலே தனக்கு எட்டவில்லை என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "யாரும் எழுப்பறதுக்கு முன்னாடி நானே எந்திரிச்சுக்கறேன்" என்றார்.

அவருடைய கடைசி ஞாயிறு. வராந்தாவில் நின்று பெட்டியில் கேட்டேன். கூட்டத்தில் அல்ல, ஊர் கேட்கவே சொன்னார்: "ஒருநாள் ரேடியோ ஊமையாச்சே, அதுக்குக் காரணம் மோட்டார்காரர் இல்ல. நான். எனக்குக் காது கேக்காது. பொய் சொல்லி அவர மாட்டிவிட்டேன்."

பாட்டைப் போட்டார். விளக்கு அணைந்தது. நான் உள்ளே போனபோது ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தார். என்ன சொல்வது என்று தெரியாமல், பழக்கத்தில் தோளைத் தட்டக் கையைத் தூக்கினேன்.

"இன்னைக்குத் தட்டாதீங்க தம்பி. நான் போய் வராந்தா பெட்டியில கைய வச்சுக்கறேன். பாட்டு எங்க முடிஞ்சுது, நீங்க எங்க ஆரம்பிச்சீங்கன்னு என் கைக்குத் தெரியாத மாதிரி இடைவெளி விடாம பேசுங்க."