பேஸ் கிட்டாரில் அம்மாவின் வயலின்

மண்டபம் ஊரில் பார்த்த பெண்ணின் வீட்டார் சம்மதிக்காததால்தான் மாமாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் உறுதியாக நம்பினோம். வேறு எப்படி விளங்கிக்கொள்வது? தங்கச்சிமடத்து மாதா கோயில் பாடகர் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவர் அவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த கையோடு, அந்தக் கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதிந்திருந்த உலோகப் பட்டிகளைக் குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார்.

"ஏலே, பொண்ணு குடுக்கலன்னா கிட்டாரு என்னலே செஞ்சுச்சு?" என்றாள் அம்மா. மாமா அவளுடைய தம்பி.

"வயலின்ல பட்டியா இருக்கு? அது மாதிரி இதுலயும் விரலு வழுக்கணும்க்கா."

வயலின் என்பது எங்கள் வீட்டில் சில காலமாக யாரும் எடுக்காத பேச்சு. அய்யா என்று நாங்கள் அழைத்த அப்பா சங்கு குளித்தவர். ஆழத்து நீரின் அழுத்தம் அவருடைய செவிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. வலது காதருகே உரக்கச் சொன்னால் பேச்சு எட்டும். எஞ்சின் சத்தம் எட்டும். மெல்லிய குரல்களும் உச்சச் சுரங்களும் எட்டா. அம்மாவோ கான்வென்ட் கன்னியாஸ்திரி ஒருவரிடம் வயலின் கற்றவள். ஜெர்மனியில் யாரோ முந்நூறு ஆண்டுகளுக்கு முன் பக்கக் கருவி ஏதுமின்றித் தனி வயலினுக்கென்று எழுதிய ஒரு நடன இசையைத்தான் மாலைதோறும் வாசிப்பாள். கடலிலிருந்து திரும்பிய அய்யா அப்போது பாயில் கண்ணை மூடிக் கிடப்பார். வாசித்து முடிக்கும்வரை அசைய மாட்டார். "ஒங்க அய்யாவுக்கு இது தாலாட்டு" என்று அம்மா சிரிப்பாள். அவருடைய செவி மங்கியபின் அவள் வில்லைத் தொடவில்லை. உறங்குகிறவர் முன் வாசிக்க முடிந்தவளுக்குக் கேளாதவர் முன் வாசிக்க மனம் வரவில்லை.

"மச்சானுக்கு மேல் சத்தம்தான்க்கா கேக்கல. கீழ எறக்கி வாசிச்சா கேக்கும்ல?" என்றார் மாமா.

அம்மா நம்பவில்லை. ஆயினும் மறுநாளே அந்த இசையை மாமாவுக்கு அடியடியாகப் பாடிக் காட்டத் தொடங்கினாள்.

பட்டிகள் போன பள்ளங்களை அடைக்க, ஃபைபர் வள்ளத்துக்குப் பூசும் ரெசின் பிசினை மாமா எங்கிருந்தோ வாங்கி வந்தார். பாம்பனில் செல்போன் கடையில் வேலை செய்த அவர் வள்ளத்தில் கால் வைத்தவர் அல்லர். ரெசினை இறுகவைக்கும் திரவத்தைக் குறைவாகக் கலந்துவிட்டார். இரண்டு நாள் வெயிலில் கிடந்தும் பிசுபிசுப்புப் போகவில்லை. மணலும் கருவாட்டுச் செதிலும் அதில் ஒட்டிக்கொண்டன. அய்யாவுக்கு அந்தக் கோலம் பொறுக்கவில்லை.

"ஏலே மாப்ள, இதுல ஏறிப் போனா குருசடைத் தீவுக்குக்கூடப் போய்ச் சேரமாட்ட. தள்ளுலே அங்கன!"

அவரே சுரண்டி, அளவாகக் கலந்து ஊற்றி, காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்துக் கண்ணாடிபோல் ஆக்கிக்கொடுத்தார். எதற்கு இதெல்லாம் என்று கேட்டபோது, "சும்மா, அழகுக்கு மச்சான்!" என்று மாமா அவர் காதில் கத்தினார். முன்பே சொல்லிவைத்து, பிறகு கேட்காமல் போய்விட்டால் மனிதர் உடைந்துபோவார் என்று அம்மா முன்கூட்டியே எச்சரித்திருந்தாள்.

வயலினில் விரல் தாவும் தூரம் பேஸில் ஒரு முழமாகிவிடுகிறது. மாமாவின் விரல் நுனிகள் கொப்பளித்தன. "என்ன மதினி, பட்டப்பகல்ல ஒங்க வீட்டுக்குள்ள போட்டு எஞ்சின் ஓடுது?" என்று பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் நின்று கேட்டாள். எனக்கும் ஏமாற்றம்தான். சிறுமியின் பாவாடையை ஒரு பருத்த மனிதர் கட்டிக்கொண்டு ஆடுவதுபோல் இருந்தது அது.

கோயிலிலிருந்து ஸ்பீக்கர் பெட்டியை இரவல் வாங்கி வந்து, ஒரு பிற்பகலில் அய்யாவின் பாயருகே வைத்தார்கள். வழக்கம்போல் அவர் கண்ணை மூடியிருந்தார். மாமா வாசிக்கத் தொடங்கினார். பெட்டி அதிர்ந்தது. அம்மா இசையைக் கவனிக்கவே இல்லை. அய்யாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண் திறக்காமல் கையை நீட்டிப் பெட்டியின் மேல் உள்ளங்கையைப் பதித்தார். நெடுநேரம் அப்படியே கிடந்தார். பிறகு சட்டென்று அந்தக் கையை உயர்த்தினார்.

"நிறுத்துலே. அந்த எடத்துல ஒங்கக்கா இப்படி ஓடமாட்டா. ஒரு மூச்சு நின்னுதான் எறங்குவா."

மாமா திகைத்தார். "மச்சான், நீங்க அப்பல்லாம் தூங்கலையா?"

அந்தக் கேள்வி அய்யாவுக்குக் கேட்கவில்லை.

அம்மா எழுந்து அடுக்களைக்குள் போனாள். நான் பின்னாலேயே போனேன். அணைந்திருந்த அடுப்பைப் பார்த்தபடி நின்றாள்.

"மாமா தப்பா வாசிச்சதுக்காம்மா அழுறீங்க?"

"ஆமா." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போ, மறுபடியும் மொதல்லருந்து வாசிக்கச் சொல்லு."

நான் ஓடிப்போய் மாமாவை அதட்டினேன். இம்முறை அவர் அந்த இடத்தில் ஒரு மூச்சு நின்று இறங்கினார். உள்ளே அழுகை நின்றது. பிழையைத் திருத்திவிட்டதால் நின்றது என்று எண்ணிப் பெருமையுடன் வாசலில் உட்கார்ந்துகொண்டேன். அய்யா உறங்கிவிட, அத்தனை மாலைகளிலும் தான் தனக்கு மட்டுமே வாசித்துக்கொண்டதாக அவள் நம்பியிருந்தாள் என்பதோ, அந்த நம்பிக்கை பொய்த்துப்போனதற்கும் ஒருத்தி அழக்கூடும் என்பதோ அன்று எனக்குத் தெரியாது.

இன்று அய்யா கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். மாமா குவைத்தில், தம் மனைவி மக்களோடு. இந்த வீட்டில் அம்மாவும் நானும் இருக்கிறோம்.