கையில்லாத அம்மன்

என் அண்ணன் மருமகன் எழுதிய ப்ரோகிராமை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, அருவருப்புதான் வந்தது. நாகர்கோவில் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினிப் பாடம் நடத்துகிறவள் நான். மோசமான ப்ரோகிராம் எனக்குப் புதிதில்லை. ஆனால் முதல் வருடப் பிள்ளைகள் தப்பாக எழுதினால் கூடவே கொஞ்சம் வெட்கமும் படுவார்கள். இந்த ஆளிடம் அது மருந்துக்கும் கிடையாது.

அண்ணன் லைட் செட் வைத்திருக்கிறான். கோயில் கொடை, சர்ச் திருவிழா, கல்யாண வீடு எதற்கும் டியூப் லைட்டும் சீரியல் பல்பும் கட்டுவான். இத்தனை காலமும் அவனுக்குக் கிடைத்தது பக்கத்துத் தெருக்கள்தான். கோயில் முகப்பில் நிற்கும் பெரிய போர்டு திருவனந்தபுரத்து ஆட்களுக்கே போகும். மண்டைக்காட்டுப் பக்கம் ஒரு சின்ன அம்மன் கோயில் கமிட்டி, இந்த வருடத் திருவிழாவுக்கு அந்தப் போர்டை முதல் தடவையாக அவனை நம்பிக் கொடுத்தது.

கமுகு நட்டுக் கட்டிய வளைவுப் போர்டு. உச்சியில் குறுகி, கீழே வர வர அகலும். அதில் வரிசை வரிசையாகப் பல்புகள். ஒவ்வொரு பல்பும் எந்த நிறத்தில் எரிய வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொல்லும். அம்மன் எட்டுக் கையோடு உட்கார்ந்து ஒரு கையை மட்டும் உயர்த்தி ஆசி தருவாள். இதற்கெல்லாம் பல்புகளை இயக்கும் கண்ட்ரோலர் பெட்டியோடு வரும் மென்பொருளே போதும், ஊரெல்லாம் அதை வைத்துத்தான் ஓட்டுகிறார்கள். மாப்பிள்ளைக்கு அது கௌரவக் குறைச்சல். பெங்களூரில் வேலை பார்க்கிறவர் அல்லவா? "நானே கோடு பண்ணித் தாறேன் மாமா" என்றார். மாமாவுக்குப் புல்லரித்துவிட்டது.

கொடியேற்றுக்கு முந்தின நாள் அந்தி சாய்ந்ததும் போர்டைப் போட்டுப் பார்த்தார்கள். கிரீடம் வந்தது, முகம் வந்தது, உடம்பு வந்தது. கை ஒன்றுகூட வரவில்லை. நடுவில் ஒரு பட்டை மட்டும் எரிய, இரு பக்கமும் இருட்டு. கூடியிருந்த பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மாப்பிள்ளை லேப்டாப்பை மடியில் வைத்து எதையோ தட்டினார். ஒரு கை வந்தது, அதுவும் இடுப்பில் முளைத்து. கமிட்டித் தலைவர் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, நாளைச் சாயங்காலத்துக்குள் சரியாகவில்லை என்றால் போர்டை அவிழ்த்துவிட்டுப் பழைய ஆட்களை அழைப்போம் என்று சொல்லிவிட்டார். அவிழ்த்தால் அண்ணனுக்கு இனி பக்கத்துத் தெருவும் கிடைக்காது. அம்மன் கையை வெட்டினவன் என்ற பேர்தான் மிஞ்சும்.

மறுநாள் காலையில் அண்ணன் போனில் அழைத்தான். நான் போனபோது மாப்பிள்ளை இல்லை. கூட்டாளிகளோடு முட்டத்துக்குக் கடல் பார்க்கப் போயிருந்தார். மாமனார் பிழைப்பு தொங்கிக்கொண்டிருக்கும்போது கடல் பார்க்கப் போக ஒரு தனி மனசு வேண்டும். லேப்டாப் மேசையில் திறந்து கிடந்தது.

படம், அதற்குள் வரிசை, அதற்குள் பல்பு. மூன்று அடுக்கு, அவ்வளவுதான். அதற்கு அந்த மனிதர், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் லூப்புக்குள் லூப், அதற்குள் 'இப்படி இருந்தால்' என்று கேட்கும் இஃப், அந்த இஃப்புக்குள் இன்னொரு லூப் என்று எழுதி வைத்திருந்தார். எழுத்து வலது பக்கமாகச் சரிந்து சரிந்து திரையை விட்டே வெளியே போயிருந்தது. பெயர்கள் ஐ, ஜே, கே. அது தீர்ந்ததும் ஐ-ஐ, ஜே-ஜே. எது வரிசை, எது பல்பு என்று எழுதியவருக்கே தெரியாது. இந்தப் பேப்பரை என் மாணவர் யாராவது நீட்டியிருந்தால் வாசல்வரை துரத்தியிருப்பேன்.

"ஏட்டி, மாப்பிள்ளைட்ட ஒண்ணும் கேட்டுராத. முகம் வாடிரும்" என்றான் அண்ணன்.

"போர்டு போனா பரவாயில்லியா?"

"போனா போட்டு. பிள்ளையக் குடுத்திருக்கோம்லா."

எங்கள் பக்கத்தில் புது மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தால் எல்லோருக்கும் குரல் தணிந்துவிடும். அவர் உப்பு என்றால் உப்பு, சர்க்கரை என்றால் சர்க்கரை. கோழிக்கறியில் நல்ல துண்டெல்லாம் அவர் இலைக்குப் போகும். அதைக்கூடச் சகிக்கலாம். தப்பான ப்ரோகிராமுக்கும் அந்த மரியாதை உண்டு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அண்ணன் மகள் எனக்கு டீ கொண்டு வந்தாள், எங்கள் பக்கத்தில் அதற்குச் சாயா என்று பேர். என்னிடமே படித்தவள். வகுப்பில் அவளைப் போல ஒரு பிள்ளை அதற்குப் பிறகு எனக்குக் கிடைக்கவில்லை. கல்யாணம் முடிந்ததும், வேலை விஷயம் பிறகு பார்க்கலாம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்கள். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை.

டம்ளரை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். "அத்தை, அவிய முதல் வரிசைக்க நீளத்த வச்சே, நடுவுல இருந்து எண்ணி எல்லா வரிசையையும் ஓட்டுறாவ. முதல் வரிசை கிரீடம்லா, குறுகலா இருக்கும். அதுக்கு வெளிய இருக்க பல்பையெல்லாம் இது தொடவே செய்யாது."

"அவருட்ட சொன்னியா?"

"சொன்னேன். சாயா ஆறுது, போய் அதைப் பாருன்னாவ."

எனக்குக் காது சுட்டது. எழுந்து அவளை நாற்காலியில் உட்கார வைத்தேன். அண்ணன் கையைப் பிசைந்தான். கடைசியில் அவன் செய்த ஒரே காரியம், மாப்பிள்ளையின் பைக் வருகிறதா என்று கேட்டில் போய்க் காவல் நின்றதுதான். சொந்த வீட்டில் சொந்த மகள் லேப்டாப் தொடுவதற்குக் காவல்.

அவள் பழையதை ஒட்டுப்போடவில்லை, மொத்தமாக அழித்தாள். போர்டுக்குள் போய் ஒவ்வொரு வரிசையாக எடுத்து, அந்த வரிசையில் உள்ள பல்புகளை ஒவ்வொன்றாகக் கையில் தரும் ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதினாள். எந்த வரிசை எவ்வளவு நீளம் என்று அவள் எங்கேயும் முடிவு செய்யவில்லை. அது வரிசைக்கே தெரியும், கேட்டால் சொல்லும். மற்ற இடத்திலெல்லாம் ஒரே ஒரு லூப். ஒவ்வொரு பல்பையும் எடு, நிறம் கொடு. ஐயும் இல்லை, ஜேயும் இல்லை. வாசித்தால் பேசுவது போல இருந்தது. முடித்துவிட்டு ஆறின டம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

மாப்பிள்ளை மத்தியானம் வந்தார். திரையை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார். "நல்லா க்ளீன் பண்ணியிருக்கீங்க ஆன்ட்டி. லாஜிக் நம்மளதுதான்" என்றார்.

"நான் தொடவே இல்ல. உங்க பெண்டாட்டி எழுதினது."

நான் வேடிக்கை பேசுவதாக நினைத்தாரோ என்னவோ, சிரித்தார். அண்ணனும் கூடவே சிரித்தான். அவன் சிரித்ததை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

சாயங்காலம் கொடியேறியது. போர்டு எரிந்தது. எட்டுக் கையும் வந்தது. ஒரு கை மெதுவாக உயர்ந்தது. நேற்றுக் கன்னத்தில் போட்ட அதே பெண்கள் இன்று குலவையிட்டார்கள். மைக்கில் மாப்பிள்ளை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். அவரும் குனிந்து கொடுத்தார். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மறுநாள் கமிட்டிக்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். அடுத்த வருடம் வளைவுக்கு இரு பக்கமும் கோபுரம், நடுவில் வட்டமாக ஒரு தேர்ச் சக்கரம், எல்லாம் சேர்ந்து ஓட வேண்டும். அண்ணனுக்கே தருவதாகச் சொன்னார்கள். "தம்பி, உங்களால முடியும்லா?" என்று தலைவர் கேட்டார்.

பொன்னாடை நாற்காலி முதுகில் கிடந்தது. மாப்பிள்ளை சாயாத் தட்டோடு வந்த பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இந்த ஆளுக்கு எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது.

"செய்துரலாம்லா?" என்று அவளிடம் மெதுவாகக் கேட்டார்.

அவள் தட்டை மேசையில் வைத்தாள். "எனக்கு என்ன தெரியும். சாயா ஆறுது, நான் போய் அதைப் பாக்கேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மாப்பிள்ளையின் முகம் வாடியது. அண்ணன் பதறி எழுந்தான். நான் ஒரு டம்ளரை எடுத்து நிதானமாகக் குடித்தேன். சாயா நல்ல சூடாகத்தான் இருந்தது.